பீச்சாங்கை வணக்கம்: பைக் ஓட்டுகிறவர்கள் வழியில் ஏன் கைகாட்டிக்கொள்கிறார்கள்?

ஊத்தங்கரையைத் தாண்டிச் செங்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும், சாலையில் ஆளே இல்லை. எதிரே ஒரு பைக் வந்தது. இரண்டு பக்கமும் பை கட்டிய வண்டி, முகத்தை முழுக்க மூடிய ஹெல்மெட். கிட்டே வரும்போது அதை ஓட்டியவர் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் திக்கென்றது. ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன். சைட் ஸ்டாண்டை மடக்காமலே வந்துவிட்டேனா? மடங்கித்தான் இருந்தது. பின் டயரை அமுக்கிப் பார்த்தேன், காற்று இருந்தது. பையைக் கட்டிய கயிறு தொங்கவில்லை. இண்டிகேட்டர் எரியவில்லை. அந்த இரண்டு விரலுக்கு என்ன அர்த்தம்? இரண்டு கிலோமீட்டரில் போலீஸ் நிற்கிறது என்றாரா? செங்கம் வரை போலீஸும் இல்லை.

அன்று சாயங்காலம் நாலு இடம் சுற்றிய நண்பர் ஒருவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனிதர் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

என் மேல் பெரிய தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நம் ஊர் ரோட்டில் முன்பின் தெரியாதவர் கை காட்டினால், நம் வண்டியில் ஏதோ கோளாறு என்று பொருள். கீழே காட்டினால் ஸ்டாண்டு. தோளைத் தொட்டுக் காட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் பறக்கிறது. ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டினால் பகலில் லைட் எரிகிறது. இந்தக் கடைசிச் சைகை இன்னும் சாகவில்லை. 2017 ஏப்ரல் முதல் வந்த புது இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும், அணைக்க ஸ்விட்சே கிடையாது. அது தெரியாத பெரியவர்கள் இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி விரலைக் குவித்து விரிக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் ஏது? தலையை ஆட்டிவிட்டுப் போய்விட வேண்டியதுதான். அதுவும் ஒரு வணக்கம்தானே.

இப்படி எல்லாக் கைக்கும் ஒரு சேதி இருக்கும் ஊரில், சேதியே இல்லாமல் சும்மா ஒரு கை காட்டுவது புதுசு. பத்திருபது வருடமாகத்தான், தூரப் பயணம் போகும் பைக்காரர்கள் பெருகப் பெருக, இந்தப் பழக்கம் நம் பக்கம் கண்ணில் படுகிறது. புதிதாக வண்டி எடுத்து முதல்முறை வெளியூர் கிளம்புகிறவர்களுக்காக, இது என்ன, எப்படிச் செய்வது, எப்போது செய்யவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதன் தொடக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு கதை சொல்வார்கள். ஹார்லி டேவிட்சன் கம்பெனியை 1903இல் மில்வாக்கியில் தொடங்கிய வில்லியம் ஹார்லியும் ஆர்தர் டேவிட்சனும் மறு வருடம் ஒருநாள் எதிரெதிரே வந்தார்களாம், கையசைத்துக்கொண்டார்களாம். வேடிக்கை பார்த்த ஒருவர், பைக் ஓட்டினால் இப்படிச் செய்யவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். நல்ல கதை, ஆதாரம் கேட்காதீர்கள். காரணம் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் பதிவான வண்டிகளில் பைக் சுமார் 3 சதவீதம்தான். கார்களும் லாரிகளும் நிறைந்த நெடுஞ்சாலையில், தன்னைப் போலவே வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்து, விழுந்தால் தோல் உரியும் என்று தெரிந்தே வருகிற இன்னொருவரைப் பார்த்தால் கை தானாக எழும். வேற்றூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தால் பேரே தெரியாவிட்டாலும் சிரிக்கிறோம் இல்லையா, அது மாதிரி.

சரி, ஏன் இடது கை? இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் சுலபம்.

நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தது, எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் சோத்தாங்கையால் செய், பீச்சாங்கையை நீட்டாதே என்று. பைக்கில் அது தலைகீழ். சோத்தாங்கைக்கு வேலை இருக்கிறது. ஆக்சிலேட்டர் அந்தப் பக்கம், முன் பிரேக்கும் அந்தப் பக்கம். ஆக்சிலேட்டரை விட்டால் அது ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும், வண்டி சட்டென்று வேகம் குறையும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் வணக்கம் சொல்லத்தான் வேகம் குறைத்தீர்கள் என்று எப்படித் தெரியும்? இடது கைக்கு இருக்கும் வேலை கிளட்ச். மேல் கியரில் சீராகப் போகும்போது அது சும்மாதான் கிடக்கிறது. அதனால் உலகம் முழுக்கப் பைக்காரர்களின் வணக்கம் பீச்சாங்கையால்தான். ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது, 'டீ லிங்க்க ட்சும் க்ரூஸ்' என்பார்கள். வணக்கத்துக்கு இடது கை என்று பொருள். பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது கடைசியில் கையெழுத்துக்கு முன்னால் இதைச் சுருக்கி நாலு எழுத்தாகப் போட்டுக்கொள்வதும் உண்டு. நம் பாட்டிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இருகை கூப்பும் நம் வணக்கம் பைக்கில் நடக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் செய்து பார்த்த ஒரு மகராசனை நான் பார்த்திருக்கிறேன். வேகத்தடைக்குப் பத்தடி முன்னால். நல்லவேளை, வேலிகாத்தான் புதர் தாங்கிக்கொண்டது.

அடுத்து, சாலையில் எந்தப் பக்கம் போகிறோம் என்பது. அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் வலப்பக்கம் போகிறார்கள். எதிரே வருகிறவர் நம் இடப்பக்கமாகக் கடப்பார். சும்மா கிடக்கும் இடது கையும் அதே பக்கம். கையைத் தாழ்த்தி, சாலையை நோக்கி இரண்டு விரலை நீட்டினாலே எதிரே வருகிறவருக்குத் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் அதிகம் காண்பது இந்தத் தாழ்ந்த கைதான். இரண்டு விரல் என்பது இரண்டு சக்கரம், இரண்டும் தரையிலேயே இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள்.

நாம் இடப்பக்கம் போகிறவர்கள். எதிர் வண்டி நம் வலப்பக்கமாகக் கடக்கிறது. நம் இடது கையோ சாலை ஓரத்துப் பக்கம், வரப்பையும் வேப்பமரத்தையும் பார்த்தபடி இருக்கிறது. அமெரிக்கக்காரர் மாதிரி கையைத் தாழ்த்திக் காட்டினால், ஓரத்தில் மேயும் ஆட்டுக்குத்தான் வணக்கம் போய்ச் சேரும். வெளிநாட்டு வீடியோ பார்த்து அப்படியே செய்கிற தம்பிகள் இங்கேதான் தவறுகிறார்கள். நம்மைப் போலவே இடப்பக்கம் போகும் இங்கிலாந்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையை எடுப்பதே இல்லை, தலையை மட்டும் அசைத்துவிடுகிறார்கள். ஜப்பானும் இடப்பக்க நாடு. அவர்கள் இடது கையை உயரத் தூக்கி ஆட்டுகிறார்கள், வடக்கே ஹொக்கைடோ தீவின் நீண்ட சாலைகளில் கோடைக்காலத்தில் இது நிறைய நடக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'யாயெ'. ஆங்கிலத்தில் 'யே' என்று உற்சாகமாக எழுத வந்த யாரோ எழுத்தை மாற்றித் தட்டிவிட, அந்தப் பிழையே பெயராக ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

நம் பஸ் டிரைவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அரசு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் தெரியும். எதிரே இன்னொரு பஸ் வந்தால் டிரைவர் ஜன்னல் வழியாக வலது கையை லேசாகத் தூக்குவார், அவரும் தூக்குவார். தினமும் அதே ரூட்டில், அதே வளைவில் சந்தித்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு எல்லாம் வசதியாக அமைந்திருக்கிறது. உட்காருவது வலப்பக்கம், எதிர் வண்டி வருவதும் வலப்பக்கம், ஆக்சிலேட்டர் காலில். சோத்தாங்கையாலேயே முறையாக வணக்கம் சொல்ல முடிகிறது. 1989இன் சாலை விதிகளில் சொன்ன கைச் சிக்னல்களும் வலது கையால் செய்வதுதான், நிறுத்தப் போகிறேன், திரும்பப் போகிறேன் எல்லாமே. எழுதியவர் மனதில் காரும் லாரியும்தான் ஓடியிருக்கும் போல. பைக்காரன் சோத்தாங்கை எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டியது என்று யாரும் யோசிக்கவில்லை.

கையும் தலையும் தவிரக் காலும் உண்டு. பிரான்ஸில் எதிரே வருகிறவருக்கு இடது கையில் இரண்டு விரல். காரைத் தாண்டும்போது கார்க்காரர் ஒதுங்கி வழிவிட்டால், அவருக்கு நன்றி சொல்ல வலது காலைப் பக்கவாட்டில் நீட்டுவார்கள். தாண்டிப் போகையில் கார் அவர்களுக்கு வலப்பக்கம்தானே இருக்கும், வலது கை ஆக்சிலேட்டரில், மிச்சம் இருப்பது கால். முதல்முறை பார்க்கிற கார்க்காரர் உதைக்க வருகிறான் என்றுதான் நினைப்பார். நம் ஊர் ஆள் பார்த்தால், கண்டிப்பாக ஸ்டாண்டைக் குனிந்து பார்ப்பார். நம் பக்கம் எதிரே வருகிறவர் காலை நீட்டி ஆட்டினால் அதற்கு ஒரே பொருள்தான்.

இரண்டு விரல் காட்டுவதில் ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் உள்ளங்கையைத் திருப்பி, புறங்கை எதிராளிக்குத் தெரியும்படி இரண்டு விரலை உயர்த்தினால் அது கெட்ட வார்த்தை. 1979இல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ பைக் பந்தயத்தில் அந்த நாட்டு வீரர் பாரி ஷீன், ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், துரத்தி வந்த கென்னி ராபர்ட்ஸுக்கு இதைக் காட்டினார். பந்தயத்தை ஜெயித்தது ராபர்ட்ஸ், 0.03 விநாடி வித்தியாசத்தில். விரல் காட்டியதால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அந்த 0.03 மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம். எப்படிச் செய்வது?

தலையசைப்பதே போதும், அதுதான் நமக்கு ஏற்றது. ஆனால் நம் தலையசைப்பு உலகப் பிரசித்தம். சரி, ஆகட்டும், பார்க்கலாம், அப்படியா எல்லாவற்றுக்கும் தோளுக்குத் தோள் ஒரு ஆட்டு. ஹெல்மெட்டுக்குள் அதைச் செய்தால் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். முகவாய் கீழே போய் மேலே வரும்படி ஒரே ஒரு தடவை, கொஞ்சம் பெரிதாகவே ஆட்ட வேண்டும். முகம் மூடிய ஹெல்மெட்டில் சிரிப்பு தெரியாது, கண்ணும் தெரியாது. நேராகப் போகும் சாலை, முன்னால் பின்னால் வண்டி இல்லை என்றால் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கலாம். கட்டைவிரல் காட்டுவதும் உண்டு. அந்த உயரத்துக்கு வந்தால்தான் ஹெட்லைட்டுக்கும் கண்ணாடிக்கும் மேலே எதிரே வருகிறவருக்குத் தெரியும். கையை எடுக்க மனமில்லையா, கைப்பிடியைப் பிடித்தபடியே இடது கையின் இரண்டு விரலை மட்டும் உயர்த்துங்கள். பழகிய கண்ணுக்கு அதுவே தெரிந்துவிடும்.

ஹாரன் அடித்தோ லைட் டிப் அடித்தோ வணக்கம் சொல்லாதீர்கள். நம் ஊரில் எதிரே வருகிறவர் டிப் அடித்தால், நான் ஏறி வருகிறேன், நீ ஒதுங்கு என்று பொருள். நீங்கள் அன்பாகத்தான் அடித்திருப்பீர்கள், அவர் பிரேக்கை மிதிப்பார்.

நேரம் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவரும் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால், இருவருக்கும் நடுவே இருக்கும் தூரம் விநாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. 150 மீட்டர் தள்ளிப் பார்த்தால் கையில் நாலரை விநாடி. ஆளை அடையாளம் காண, சாலையைப் பார்க்க, பின்னால் கண்ணாடியைப் பார்க்க, கையை எடுக்க, திரும்ப வைக்க எல்லாம் அதற்குள். இருவரும் 80இல் வந்தால் அது மூன்றரை விநாடியாகிவிடும். யோசிக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். தலை போதும், தலையும் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை.

யாருக்குச் சொல்வது என்பதுதான் நம் ஊரில் குழப்பம். நாட்டில் பதிவான வண்டிகளில் கிட்டத்தட்ட முக்கால்வாசி இருசக்கர வண்டிதான். பால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், நாலு மூட்டை வைத்துக்கொண்டு வருகிற மளிகைக்கடைக்காரர், எல்லோரும் பைக்காரர்கள். அத்தனை பேருக்கும் கையைத் தூக்கினால் தேர்தலில் நிற்கிறான் என்று நினைப்பார்கள். அதனால் இங்கே அது தூரப் பயணிகளுக்குள் நடக்கிற வழக்கமாக ஆகிவிட்டது. பை கட்டிய வண்டி, ரைடிங் ஜாக்கெட், வெளியூர் நம்பர் பிளேட், இதைப் பார்த்தால் தலையசைப்பது. ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். ஒரு காலத்தில் புல்லட்காரர் புல்லட்காரருக்கு மட்டும்தான் அசைப்பார். 1956இலிருந்து திருவொற்றியூரில் செய்த வண்டி, வலது காலில் கியர் போடுகிற ஜாதி, அவர்களுக்குள் அப்படி ஒரு உறவு. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் பெரிய பைக்காரர் சிலர் 100 சிசி வண்டியில் கன்னியாகுமரி வரை போகிறவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், அவனுக்குத்தான் முதலில் தலையசைக்க வேண்டும், அவன் முதுகு வலிக்காவது.

இந்த உறவை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் மணாலியிலிருந்து லே போகும் சாலைக்குப் போகவேண்டும். வருடத்தில் பாதி நாள் பனியில் மூடிக்கிடக்கும் பாதை, பாரலாச்சா லா, தங்லங் லா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாய்கள், மூச்சு வாங்கும் உயரம். அங்கே எதிரே வருகிற எந்தப் பைக்கும் கட்டைவிரல் காட்டாமல் போகாது. லடாக்கியர்களின் வணக்கமான 'ஜூலே'யை ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்துவார்கள். அங்கே கட்டைவிரலில் கொஞ்சம் சேதியும் இருக்கும். முன்னால் ஓடை பெருகிச் சாலையை மூடியிருந்தால் கட்டைவிரல் வராது, உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கிக் காட்டுவார்கள். மெதுவாகப் போ என்று அர்த்தம்.

எப்போது கூடாது? வளைவில் கூடவே கூடாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி, ஆழியாரிலிருந்து வால்பாறை போனால் 40. கொண்டை ஊசியில் இரண்டு கைக்கும் நாலு விரலுக்கும் வேலை இருக்கிறது. அங்கே இறங்கி வருகிற வண்டி, ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழிவிட்டாலே போதும், அதைவிடப் பெரிய மரியாதை வேறு வேண்டாம். ஈரச் சாலை, ஜல்லி கொட்டிய இடம், நெல்லோ கேழ்வரகோ காயப்போட்ட சாலை, ஓவர்டேக் செய்யும் நேரம், இங்கெல்லாம் கை கைப்பிடியிலேயே இருக்கட்டும். கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் முன்னால் போகிறவர் சொன்னால் போதும். பின்னால் வருகிற பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கையைத் தூக்க, எதிரே வருகிற ஒருவர் பன்னிரண்டு தடவை தலையாட்ட, அது வணக்கம் இல்லை, தண்டனை.

நீங்கள் சொல்லி அவர் திருப்பிச் சொல்லவில்லை என்றால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் கிளட்ச் பிடித்திருப்பார், குழியைப் பார்த்திருப்பார், இல்லை என்னைப் போலப் புளியமரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஓரமாக நின்றிருக்கும் பைக்காரரைப் பார்த்தால் மட்டும் சும்மா போகாதீர்கள். வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் கேள்வியாகக் காட்டுங்கள். போட்டோ எடுக்கவோ ஒன்றுக்குப் போகவோ நின்றவர் என்றால் அவரும் கட்டைவிரல் காட்டுவார், போய்விடலாம். கையை விரித்தாலோ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாலோ நிறுத்துங்கள். பெரும்பாலும் பஞ்சராகத்தான் இருக்கும், இல்லையென்றால் பெட்ரோல்.

போன மாசம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போனேன், பின்னால் அம்மா. மலை ஏறுவதற்கு முன்னால் நேரான சாலையில் எதிரே ஒரு பைக்காரர் வந்தார், பெரிய வண்டி. நான் தலையசைத்தேன், அவர் இடது கையைத் தூக்கினார். கண்ணாடியில் பார்த்தால் அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் கூப்பி முழு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது.

"யார்றா அது, தெரிஞ்ச பையனா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குக் கையத் தூக்குனான்?"

"சும்மாதான். பைக்ல போறவங்க அப்படிக் காட்டிக்குவாங்க."

கொஞ்ச தூரம் பேச்சில்லை. முதல் வளைவு வந்து திரும்பியதும் முதுகில் தட்டியது. "திரும்பி வரும்போது அந்தப் பையன் எதிர்ல வந்தான்னா சொல்லிடு. ஸ்டாண்டு கீழ தொங்குன மாதிரி இருந்துச்சு."